இடக்கை மடிப்பு

ரேலீன் ஹாப்க்ராஃப்டை எங்கள் ஊரில் யாருக்கும் பிடிக்காது. இதை அவளிடமே சொன்னால், "அப்பாடா, வேலை மிச்சம்" என்பாள். வயது ஐம்பத்தொன்று. இடக்கைக்காரி. பெட்ரோல் பங்குக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்றில் லாரித் தார்ப்பாய், கூடாரம், முதுகுப்பை, மழைக்கோட்டு எல்லாம் தைத்துக் கொடுக்கிறாள். அடுத்த கொட்டகையில் மீனைப் பெட்டியில் அடைப்பவன் நான். நடுவில் ஒரு தகரம்தான். அவள் பேசுவது முழுக்க எனக்குக் கேட்கும். ஏப்ரல் வேட்டையில் மலையில் நடந்ததைப் பாதி, அவளோடு போன லான்ஸ் சொன்னான். மீதியை ரேலீன் தையல் இயந்திரத்திடம் சொன்னாள்.

தெற்குத் தீவின் இந்த மேற்குக் கரையில் மழையைப் பற்றி யாரும் பேச்சை ஆரம்பிப்பதில்லை. நின்றால்தான் ஆரம்பிப்பார்கள். மான் வேட்டைக்குப் போகிறவன் கத்தியை மறந்தால் கூட வந்தவனிடம் வாங்கிக்கொள்ளலாம். படுக்கைப் பை நனைந்துவிட்டால் யாரிடம் வாங்குவது? வாத்து இறகு அடைத்த பை ஒருமுறை நனைந்தால் ஈரச் சாக்கு; அதற்குள் படுப்பதற்கு ஆற்றில் படுக்கலாம். ஆகவே ரேலீனின் கொட்டகைக்கு எல்லோரும் வந்தே ஆகவேண்டும். வந்து திட்டு வாங்கியே ஆகவேண்டும்.

கிறைஸ்ட்சர்ச் நகரத்திலிருந்து வந்த ஒருவன், பைக்கு வெளியே மாட்டும் மழை உறை இருக்கிறதா என்று கேட்டான்.

"அது உறை இல்லப்பா, வாளி. ஆத்துல இறங்கினதும் அடியில தண்ணி தேங்கி நிக்கும். மீன் வளக்கறதா இருந்தா சொல்லு, தர்றேன்" என்றாள்.

அவள் பை கட்டும் விதம் வேறு. ஆரஞ்சு நிறத்தில் தடித்த பிளாஸ்டிக் உறை ஒன்றை முதுகுப்பைக்கு உள்ளே இறக்குவாள். அதற்குள் படுக்கைப் பையை மூலைமுடுக்கெல்லாம் நிரம்பும்படி அமுக்குவாள். அதன் மேல், கூரைக்கு அடியில் மட்டும் போடுவதற்கென்று ஒரு ஜோடி உலர்ந்த உடுப்பு. காலுறைகள் சமையல் பாத்திரத்துக்குள் போகும். பிறகு முழங்காலை ஊன்றிக் காற்றை அளவாக வெளியேற்றுவாள். கொஞ்சம் மிச்சம் வைப்பாள், ஆற்றில் விழுந்தால் பை மிதக்க வேண்டும் என்பதற்காக. உறையின் வாயைக் கயிறாக முறுக்கி, இடப்பக்கம் வளைத்து மடித்து, பழைய சைக்கிள் ட்யூபில் வெட்டிய ரப்பரால் இறுக்குவாள். ஈரக் கூடாரம், ஈரக் கோட்டு, இரத்தம் சொட்டும் இறைச்சி எல்லாவற்றுக்கும் இடம் உறைக்கும் பைக்கும் நடுவில்தான். ஈரக் கை கூட உறைக்குள் போகக்கூடாது.

இருபத்திரண்டு வருடம் இப்படி இரண்டிரண்டு பைகளாகக் கட்டினாள். ஒன்று அவளுக்கு, ஒன்று புருஷன் டெஸ்ஸுக்கு. கல்யாணமான முதல் வருடம் டெஸ் தானே ஒருமுறை கட்டிப் பார்த்தான். மாவு, தீப்பெட்டி, படுக்கை எல்லாம் கூழாகிப்போய், ரேலீன் தன் படுக்கைப் பையை அவனுக்குக் கொடுத்துவிட்டு மழைக்கோட்டுக்குள் சுருண்டு கிடந்தாள். "எனக்கு இதெல்லாம் வராது ரேலீன். நீ கட்டுனாதான் அது கட்டு" என்றான். அதற்குப் பிறகு வேட்டைக்கு முந்தின சாயங்காலங்களில் அவன் சோபாவில் படுத்துக் குதிரைப் பந்தயப் பக்கம் படிப்பான். இவள் தரையில் முழங்காலில் இருப்பாள்.

பைகளோடு முடியவில்லை. துணி துவைப்பது அவனுக்கு வராது. படிவம் நிரப்புவது வராது. உருளைக்கிழங்கு வேகவைப்பது கூட வராது. ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு நாள் தையல் இயந்திரத்தைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு ரேலீன் வெளியே வந்துவிட்டாள். அடித்தானா, குடித்தானா, வேறு பெண்ணா என்று ஊர் கேட்டது. எதுவும் இல்லை என்றதும் ஊருக்குக் கோபம் வந்தது. பாவம், ஒன்றும் தெரியாதவனை நட்டாற்றில் விட்டுவிட்டு வந்துவிட்டாளே என்றார்கள். டெஸ்ஸின் அக்கா வெர்னா புதன்கிழமைதோறும் அவன் துணியை எடுத்துப்போய்த் துவைத்தாள். எதிர்வீட்டிலிருந்து இறைச்சி வைத்துச் சுட்ட அப்பம் போனது. லான்ஸ் அவன் மரம் அறுக்கும் சங்கிலிவாளுக்குச் சாணை பிடித்துக் கொடுத்தான். ரேலீனிடம் கோட்டு தைக்க வந்தவர்கள் கூட உதட்டைப் பிதுக்கிக்கொண்டுதான் நின்றார்கள்.

இந்தச் சமயம் பார்த்துக் குலுக்கலில் பெயர் விழுந்தது.

ஏப்ரலில் கலைமான்கள் கத்தும் பருவத்துக்கு ஸ்லேட் ஆற்றின் மேல்பள்ளத்தாக்கைக் குலுக்கல் போட்டுத்தான் விடுவார்கள். ரேலீன், டெஸ், லான்ஸ் மூன்று பேரும் ஒரே குழுவாக ஒன்பது வருடமாகப் பெயர் கொடுத்துவந்தார்கள். கடைசி விண்ணப்பம் அவள் வீட்டை விட்டு வருவதற்கு முந்தின வாரம் போனது. முறை வர இத்தனை நாள் ஆனது. குழுவில் பெயரை மாற்ற முடியாது. ஒருவர் விலகினால் மூன்று பேருக்கும் போயிற்று. விலகு என்று அவன் சொல்லி அனுப்பினான். நீ விலகு என்று இவள் சொல்லி அனுப்பினாள். தபால்காரன் வேலையைப் பார்த்து அலுத்தவன் லான்ஸ்.

மார்ச் கடைசியில் டெஸ் அவள் கொட்டகைக்கே வந்தான். பின்னால் லான்ஸ். நான் தகரத்துக்கு இந்தப் பக்கம் ஐஸ் அள்ளிக்கொண்டிருந்தேன்.

"உள்ளுறை ஒண்ணு குடு அம்மணி."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"யாரு கட்டித் தருவா? அக்காவையும் மலைக்குக் கூட்டிட்டுப் போறீங்களா துரை?"

லான்ஸ் சிரித்ததும் நிறுத்தியதும் கேட்டது.

"நானே கட்டிக்குவேன்" என்றான் டெஸ்.

"ரெண்டாம் நாளே ஈரச் சாக்குல படுத்துக்கிட்டு மூக்கச் சிந்துவ. அப்ப எம்பக்கம் திரும்பாத. எம் பையில ஒருத்திக்குத்தான் எடம்."

"நனையலன்னா என்ன பண்ணுவ?"

தையல் இயந்திரம் நின்றது.

"பத்து நாளும் உன் படுக்கை நனையாம இருந்துச்சுன்னா, எங்கப்பா துப்பாக்கிய இனிமே நான் கேக்கவே மாட்டேன். நனைஞ்சா அன்னிக்கே எங்கிட்ட வந்துரணும். தோட்டா பொட்டியோட."

அந்தத் துப்பாக்கிதான் அவள் பிறந்த வீட்டிலிருந்து மிஞ்சியது. அவள் அப்பா அதன் கட்டையைத் தானே வால்நட் மரத்தில் செதுக்கினார், இடக்கைக்காரி மகளின் கன்னத்துக்குப் பொருந்தும்படி. பிரிந்தபோது அது டெஸ்ஸின் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. மாமனார் தன் கையில்தான் கொடுத்தார் என்று அவன் சொன்னான். அவனுக்கு அதைத் தோளில் வைத்தால் கன்னம் உறுத்தும், ஆனாலும் கொடுக்கவில்லை.

"லான்ஸ், நீ சாட்சி" என்றான் டெஸ்.

"என்னை ஏன்டா இழுக்கறீங்க? நான் மான் சுட வர்றேன், உங்க கல்யாணத்தச் சுட இல்ல."

மழையில்தான் புறப்பட்டார்கள். முதல் நாளே ஸ்லேட்டைக் கடக்க வேண்டும். ஒருவர் கை அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் போய்ப் பையின் வாரைப் பிடித்துக்கொள்ள, மூன்று பேரும் தோளோடு தோள் ஒட்டி ஒரே ஆளாகக் கடப்பது இங்கே முறை. கனத்தவன் மேல்நீரில், எடை குறைந்தவர் நடுவில். லான்ஸ் மேல்பக்கம் நின்றான். நடுவில் ரேலீன் என்றால், கீழ்ப்பக்கம் டெஸ்தான்.

"தோளத் தொடுற சாக்குல ஒட்டிக்காத" என்றாள் ரேலீன்.

"உன்னையா? நனைஞ்ச வேலிக்கம்பத்த ஒட்டிக்குவேன்."

"ரெண்டு பேரும் வாய மூடிட்டுக் காலப் பாத்து வையுங்க" என்றான் லான்ஸ். "செத்தா மூணு பேரும் ஒண்ணாத்தான் போவோம். அந்தக் கேவலம் எனக்கு வேணாம்."

மலையில் ஒரு சட்டம் உண்டு. காலையில் எழுந்ததும் முந்தின நாள் ஈரத்தையே திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டும். உலர்ந்த ஜோடி கூரைக்கு வெளியே போகக்கூடாது. சில்லென்ற கம்பளிச் சட்டைக்குள் தலையை விடும்போது பெரிய வேட்டைக்காரனும் கெட்ட வார்த்தை சொல்வான். இருபத்திரண்டு வருடமும் டெஸ் இதற்கு மறுத்தான். உலர்ந்ததைப் போட்டுக்கொண்டு போவான், சாயங்காலம் நடுங்கிக்கொண்டு வருவான், ரேலீன் தன் உலர்ந்ததைக் கழற்றிக் கொடுப்பாள். இப்போது இரண்டாம் நாள் காலை அவன் ஈரச் சட்டையை உதறி மாட்டிக்கொண்டான். ஒரு வார்த்தை இல்லை.

பந்தயத்துக்காகப் பல்லைக் கடிக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அன்று மாலை மலைக்குடிலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மூன்றாம் நாளும் அவன் படுக்கை நனையவில்லை. நான்காம் நாளும் இல்லை. அடுப்பு மூலையில் உலர்ந்த காலுறையோடு கால் நீட்டித் தேநீர் குடித்தான். ஒவ்வொரு மிடறுக்கும் "ஆஹா" என்றான். அவளுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னான்.

"கெட்டிப்பால் இருக்கா லான்ஸ்? என் படுக்க சுடுது, குடிச்சா தூக்கம் வந்துரும்."

"ஆத்துக்கு இன்னும் ஒரு தடவ போகணும் துரை. அப்பப் பாப்போம்" என்றாள் ரேலீன்.

ஐந்தாம் நாள் காலை ஆண்கள் இருவரும் மேற்குச் சரிவில் கத்திய கலைமானைத் தேடிப் போனார்கள். லான்ஸின் கணுக்கால் உறை கிழிந்திருந்தது. அதைத் தைக்க ரேலீன் தங்கினாள். மழையில் நடப்பதைவிடத் துப்பாக்கியை நினைத்துக்கொண்டு தனியாக உட்காருவது அவளுக்கு வேண்டியிருந்தது. அவர்கள் சின்னப் பைகளோடு போயிருந்தார்கள். டெஸ்ஸின் பெரிய பை பலகைப் படுக்கையின் மேல் இருந்தது. அவள் கையில் ஊசி இருந்தது.

ஒரே குத்து. கண்ணுக்குத் தெரியாது. திரும்பும் வழியில் ஆறு மீதியைப் பார்த்துக்கொள்ளும். அப்பா செதுக்கிய கட்டை அவள் கன்னத்துக்கு வந்துசேரும். எழுந்து போய் அவன் பையின் மூடியைத் திறந்தாள்.

உறையின் வாய் கயிறாக முறுக்கப்பட்டிருந்தது. சைக்கிள் ட்யூப் ரப்பர். மடிப்பு இடப்பக்கம்.

டெஸ் வலக்கைக்காரன். வலக்கைக்காரன் எவனும் அப்படி மடிக்க மாட்டான். கை தானாக மறுபக்கம்தான் போகும். வேண்டுமென்றே, பார்த்ததைப் பார்த்தபடி செய்தால்தான் அது இடப்பக்கம் விழும். அவள் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு ரப்பரை அவிழ்த்தாள். மூலைமுடுக்கெல்லாம் படுக்கைப் பை. அதன் மேல் பாத்திரம். பாத்திரத்தின் மூடியைத் தூக்கினாள்: ஒரு ஜோடி காலுறை.

அவள் பலகையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். இது ஒன்றரை வருடத்தில் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டவன் கட்டிய கட்டு இல்லை. ஒரு இடத்தில் கூடத் தயக்கம் இல்லை. சோபாவிலிருந்து, பந்தயப் பக்கத்துக்கு மேலாக, அவன் பார்த்திருக்கிறான். முதல் வருடத்துக் கூழ் தவறி நடந்ததில்லை, வேண்டுமென்றே செய்த வேலை. ஒரு படுக்கையை நனைத்து, அதை வைத்து இருபத்திரண்டு வருட ஓய்வை வாங்கிவிட்டான். துணியும் அப்படித்தான். உருளைக்கிழங்கும் அப்படித்தான். அவள் முழங்கால் இரண்டிலும் தோல் தடித்துக் கறுத்திருக்கிறது. இப்போதும் மண்டியிட்டால் வலிக்கும்.

"குத்திருவோம்னு ஊசிய வெச்சேன்" என்று தகரத்துக்கு அந்தப் பக்கம் இயந்திரத்திடம் சொன்னாள் பின்னால் ஒரு நாள். "வெச்சப்புறம் யோசிச்சேன். நனைஞ்சா என்ன சொல்லுவானுங்க? பாத்தியா, பாவம், அவனுக்கு ஒண்ணும் வராதுன்னு சொல்லுவானுங்க. துப்பாக்கி எனக்கு வரும். அவன் மறுபடி பாவமாயிருவான். இன்னும் இருபது வருஷம் வெர்னா துவைப்பா."

அவள் ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டாள். காற்றை அளவாக வெளியேற்றி, வாயை முறுக்கி, இடப்பக்கம் மடித்து, அவன் கட்டியிருந்தபடியே கட்டினாள். கட்டுவதற்குத் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அது அவள் கட்டுதானே.

அதிலிருந்து அவளுக்கு வேறு வேலையாகிவிட்டது. டெஸ்ஸின் படுக்கை நனையக்கூடாது. திரும்பியதும் சனிக்கிழமை, வேட்டையெல்லாம் எடைபோடும் ஊர் மண்டபத்து மேசையில் எல்லோர் முன்னாலும் திறக்க, அது பொட்டு ஈரமில்லாமல் போய்ச் சேர வேண்டும்.

ஏழாம் நாள் குடில் வாசலில் வைத்த அவன் பையின் மேல் மலைக்கிளி ஒன்று உட்கார்ந்து, கத்திரிக்கோல் அலகால் துணியை நெம்பிக்கொண்டிருந்தது. ரேலீன் காலணி கூடப் போடாமல் ஓடி விறகுக்கட்டையை வீசினாள்.

"போ சனியனே! அதுல கைவெச்சே, சூப்பு வெச்சிருவேன்."

லான்ஸ் ஆவி பறக்கும் பாத்திரத்தோடு வாசலில் நின்றான். "டெஸ், வெளிய வா. உம் பொண்டாட்டி உனக்காகக் கிளியோட சண்ட போடறா."

"பழைய பொண்டாட்டி" என்றாள் அவள்.

"பாசம் விட்டுப்போகல" என்றான் டெஸ், ரொட்டியை மென்றுகொண்டே. அவள் பையைத் தூக்கிக் குடிலுக்குள் வைத்தாள். அவள் திருப்பித் திட்டாததை லான்ஸ் அன்றுதான் முதல்முறை பார்த்தானாம். அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

திரும்பும்போது ஸ்லேட் காப்பி நிறத்தில் ஓடியது. உள்ளே கற்கள் உருளும் சத்தம் பாதங்களில் கேட்டது. நடு ஆற்றில் டெஸ்ஸின் கால் போயிற்று. கீழ்ப்பக்கம் இருந்தவன் இடுப்புவரை, மார்புவரை, பிறகு தொப்பி மட்டும். ரேலீன் அவன் பையின் வாரை விடவில்லை. உள்ளே இருந்த காற்றில் பை குப்பென்று மேலே எழும்பியது, அவனும் அதோடு எழுந்தான். லான்ஸ் இருவரையும் மாடு இழுப்பதுபோல் இழுத்துக் கரை சேர்த்தான்.

டெஸ் கரையில் தண்ணீரைக் கக்கினான். ரேலீன் அவன் முதுகுப் பக்கம் மண்டியிட்டுப் பையின் மூடிக்குள் கையை விட்டாள். உறையின் மடிப்பு இறுகியபடியே இருந்தது.

"நான் உயிரோட இருக்கேன்" என்றான் டெஸ்.

"அது தெரியுது" என்றாள்.

சனிக்கிழமை மண்டபத்தில் கூட்டம். கொம்புகளை அளந்தார்கள், பன்றிகளைக் கொக்கியில் தொங்கவிட்டு எடைபோட்டார்கள், பிள்ளைகள் இரத்தத்தில் வழுக்கி விழுந்து அடி வாங்கினார்கள். வெர்னா தம்பிக்கென்று தட்டு நிறைய இறைச்சி அப்பம் வைத்துக்கொண்டு நின்றாள். பந்தயம் ஊருக்கே தெரிந்திருந்தது. ஈரம் சொட்டும் பையை டெஸ் எடை மேசையில் வைத்தான். நான் கதவோரம் நின்றேன்.

"நீயே தொற" என்றாள் ரேலீன். "அப்புறம் நான் கைய வெச்சுட்டேன்னு சொல்லுவாங்க."

அவன் ரப்பரை அவிழ்த்து, படுக்கைப் பையை இழுத்து மேசைமேல் உதறினான். அது மூச்சு விடுவதுபோல் உப்பியது. லான்ஸ் முகத்தை அதில் புதைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"காஞ்சிருக்கு. ஆத்துக்குள்ள போன ஆளோட படுக்கடா இது. எம் படுக்கையவிடக் காஞ்சிருக்கு."

கைதட்டினார்கள். தட்டியவர்களில் பாதிப் பேர் ரேலீன் தோற்றதற்குத்தான், அவளைப் பார்த்துத் தட்டினார்கள்.

"துப்பாக்கி உன்னோடது" என்றாள் அவள், எல்லோருக்கும் கேட்கும்படி. "இனிமே கேக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. யாரு கட்டினது?"

"நான்தான். லான்ஸக் கேளு."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"எவனும் சொல்லிக் குடுக்கல."

"அப்ப இந்த வருஷம் கத்துக்கிட்டியா? கெட்டிக்காரன்தான். நான் கத்துக்க மூணு வருஷம் ஆச்சு."

அவனுக்கு அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளத் தெரியவில்லை. ஜெயித்திருந்தான், கையில் யாரோ பீர் கொடுத்திருந்தார்கள், எதிரில் அவள் தோற்று நின்றாள்.

"இதுல கத்துக்க என்ன இருக்கு? பெரிய வித்த மாதிரி ஊரெல்லாம் பீத்திக்கிட்ட! ஒரு பிளாஸ்டிக் பை, ஒரு முறுக்கு, ஒரு மடிப்பு. சோபாவுல படுத்துக்கிட்டே பாத்தேன். மொத வருஷமே எனக்குத் தெரியும்."

சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்துச் சுற்றிலும் பார்த்தான்.

முதலில் லான்ஸின் முகம்தான் மாறியது. "மொத வருஷமேவா?" என்றான். "டேய், போன மாசம் உன் அறுப்புவாள் சங்கிலி நாலுக்குச் சாணை பிடிச்சேன். கை வரமாட்டேங்குதுன்னு சொன்னியே?"

"அது வேறடா..."

வெர்னா தட்டை மேசையில் வைக்கவில்லை. "தம்பி, உன் வாஷிங் மிஷின்ல எந்தப் பொத்தான அமுக்கணும்?"

"அக்கா, இப்ப எதுக்கு அது?"

"எந்தப் பொத்தான்?"

அவன் பீரைப் பார்த்தான். "ரெண்டாவது" என்றான்.

வெர்னா தட்டை எடுத்துக்கொண்டு பன்றி எடைபோடும் பையன்களிடம் போனாள். ஒன்றரை வருடத்துப் புதன்கிழமைகளை மனதில் கணக்குப் போட்டுக்கொண்டு நடப்பவள்போல மெதுவாகப் போனாள். ரேலீனைக் கடக்கும்போது நிற்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அது வழக்கமில்லை. ஒரு அப்பத்தை மட்டும் அவள் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

ரேலீன் அதை நின்றபடியே தின்றாள். "உப்பு பத்தல" என்றாள்.

இப்போதும் அவளை ஊரில் யாருக்கும் பிடிப்பதில்லை. துப்பாக்கி டெஸ்ஸின் இரும்புப் பெட்டியில்தான் இருக்கிறது. பந்தயத்தில் தான்தான் ஜெயித்தேன் என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கிறான். அது உண்மைதான், யாரும் மறுப்பதில்லை. யாரும் அவன் வீட்டுக்கு எதையும் கொண்டுபோவதும் இல்லை. ஒருமுறை நான், அப்பாவின் துப்பாக்கி போய்விட்டதே என்று தகரத்துக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டுவிட்டேன். நான் பேசியதில் எங்கள் இரண்டு பேருக்குமே அதிர்ச்சி. இயந்திரம் நின்றது. "போச்சு" என்றாள். மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

ஜூனில் டெஸ் அவள் கொட்டகைக்கு வந்தான். சட்டையில் பொத்தான் இல்லை, கையில் முதுகுப்பை.

"வாரு அறுந்துருச்சு ரேலீன். காசு தர்றேன். நீ தச்சாதான் அது..."

"அங்க ஊசி இருக்கு" என்றாள். "நூல் மேல்தட்டுல. உக்காந்து தை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கொட்டகைய மூடிருவேன்."

அவன் ஐந்தே முக்காலுக்கு முடித்தான். தையல் நன்றாகத்தான் இருந்தது.